பெயர்ப் பதிவேடும் அஞ்சல் வழியும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தைக் கடந்ததும் திருவிடந்தை வருகிறது. நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூரின் பெயரைத் தமிழில் எழுதுவதில் எவருக்கும் ஐயமில்லை. ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தாலோ, முதலெழுத்தை அடுத்து ‘எச்’ இடுவோரும் உளர், இடாதாரும் உளர். ஈற்றிலுள்ள ‘தை’யை எழுதுவதிலும் பல வழக்கங்கள் உள்ளன. தபால்காரர் கொணரும் கடிதத்திற்கு இதனால் தீங்கில்லை; பின்கோடு எண்ணும் அவருடைய ஊரறிவும் துணை நிற்கும். மின்னஞ்சலுக்கு அத்துணை கிடையாது. ஓரெழுத்துப் பிசகினாலும் அது வேறு பெயர், வேறொருவர் வீடு.

வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் இணைய வழியே செலுத்தப்படும் இந்நாளில், பெயர் எவருடையது என்று அறிவது ஊராட்சி அங்கத்தினர்களுக்கு இன்றியமையாததாகும். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளுக்கு வரி செலுத்தும் முகவரியையே பார்ப்போம். அதில் ‘விபிடாக்ஸ்’, ‘டிஎன்ஆர்டி’, ‘டிஎன்’, ‘கவ்’, ‘இன்’ என ஐந்து பகுதிகள் புள்ளியிட்டுப் பிரிக்கப்பட்டுள்ளன. இதனை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். ‘இன்’ என்பது இந்தியா, ‘கவ்’ அரசு, ‘டிஎன்’ தமிழ்நாடு, ‘டிஎன்ஆர்டி’ ஊரக வளர்ச்சித் துறை, ‘விபிடாக்ஸ்’ வரிப் பகுதி. வஞ்சகர் செய்வது யாதெனில், ‘டிஎன் கவ் இன்’ என்னும் சொற்களை இடப்புறம் வைத்து, வலக்கோடியில் வேறு பெயரும் ‘காம்’ என்பதும் சேர்த்து விடுவர். தொடக்கத்து இரட்டைச் சாய்கோடு நீங்கலாக, அதனை அடுத்து வரும் முதற் சாய்கோடு வரையிலுள்ளதே பெயர் என்று கொள்க. அப்பெயரின் வலக்கோடியே உரிமையாளரைக் காட்டும்.

இவ்வேற்பாடு எவ்வாறு வந்தது? ஆதியில் உலகத்துக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தன. உலகம் முழுவதற்கும் ஒரே கணக்குப்பிள்ளை என்றால் எத்தனை நாள் நடக்கும்? 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பார் அப்பதிவேட்டைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் அவரவர் பொறுப்பில் விடும் முறையை வகுத்தார். அதுவே டி.என்.எஸ். எனப்படுவது. அனைத்திற்கும் மேலே மூலப்பெயர்ச் சர்வர்கள் உள்ளன. ‘ஏ’ முதல் ‘எம்’ வரை அவற்றின் பெயர்கள் 13. ‘எப்’ என்னும் மூலச் சர்வரின் படி ஒன்று 2005-இல் சென்னையிலேயே நிறுவப்பட்டது. மூலம் ‘இன்’ பதிவேட்டைக் காட்டும். அது அடுத்ததைக் காட்டும். தாலுகாவைக் கேட்டுக் கிராமத்தையும், கிராமத்தைக் கேட்டுச் சர்வே எண்ணையும் அடைவது போன்றதே இது.

திருவிடந்தைப் பெயரில் ஒரு முகவரி அமைப்பதாகக் கொள்வோம். ‘கவ் இன்’ என முடியும் பெயரைத் தேசியத் தகவலியல் மையத்தின் வழியே அரசு அமைப்புகள் மட்டுமே பெற இயலும். கிராம அளவிலுள்ள அமைப்புகளும் இதற்கு உரியனவே. பெயர் கிடைத்தபின், அதன் பதிவேட்டை வைத்திருக்கும் பெயர்ச் சர்வர்கள் இரண்டேனும் வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் வைப்பது ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் வைப்பதற்கு ஒப்பாகும். கிணறு வற்றினால் இரண்டும் பயன்படா. மேல்நிலைப் பதிவேட்டிலும் அவ்விரு சர்வர்களின் பெயர்களே பதியப்பட்டிருத்தல் வேண்டும். முதற் சர்வரில் மாற்றம் செய்யுந்தோறும் அதன் வரிசை எண்ணை உயர்த்துக. உயர்த்தாவிடில் இரண்டாம் சர்வர் புதியதைப் படியெடுக்காது. கேட்பவருக்கு ஒரு வேளை புதிய விடையும் ஒரு வேளை பழைய விடையும் கிடைக்கும். பெயரின் ஈற்றில் இடும் புள்ளியை மறந்தாலோ, ஊர்ப்பெயர் இருமுறை ஒட்டிக்கொள்ளும். அனுபவமுள்ளோரும் இதில் தவறுவர்.

அஞ்சலுக்கு ‘எம்.எக்ஸ்.’ என்னும் குறிப்பு தனியே உண்டு. இவ்வூர் அஞ்சலை எந்தச் சர்வர் பெற்றுக்கொள்ளும் என்பதை அது கூறும். 10, 20 என எண்ணிட்டு இரண்டு சர்வர்களைக் காட்டலாம். சிறிய எண்ணே முந்தியது, அது கிடைக்காதபோது அடுத்தது. குறிப்பில் சர்வரின் பெயரை எழுத வேண்டுமேயன்றி, அதன் எண் முகவரியையோ மாற்றுப் பெயரையோ எழுதலாகாது. பெறும் சர்வர் இயங்காவிடினும் கடிதம் உடனே அழிவதில்லை. அனுப்பும் சர்வர் நான்கைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயன்று, அதன்பின்னரே திருப்பும். ஆனால் பெயரே பதிவேட்டில் இல்லையெனில் அக்கணமே திரும்பும். சர்வரை மாற்றப் போகின்றவர்கள், விடை செல்லுபடியாகும் காலத்தை ஒரு நாளாகிய 86,400 விநாடியிலிருந்து 300 விநாடியாக முன்னதாகவே குறைத்தல் நலம். மாற்றிய பிறகு குறைப்பதில் பயனில்லை.

பெறுவதைக் காட்டிலும் அனுப்புவதிலேதான் வஞ்சம் மிகுதி. ஊராட்சியின் பெயரை அனுப்புநராக இட்டு எவரும் கடிதம் எழுத முடியும். தபால் உறையின் பின்புறம் பிறர் முகவரியை எழுதுவது போன்றதே. இதற்கு மூன்று காப்புகள் உள. எம் பெயரில் அனுப்பத் தகுந்த சர்வர்கள் இவையே என அறிவிப்பது ‘எஸ்.பி.எப்.’, ஒரு பெயருக்கு இஃது ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு எழுதினால் இரண்டும் செல்லா. கடிதத்தில் முத்திரையிடுவது ‘டிகிம்’. பொருந்தாக் கடிதத்தை என் செய்வது எனப் பெறுநருக்கு உரைப்பது ‘டிமார்க்’. இதனை முதலில் பார்வையிடும் அளவில் வைத்து, வரும் அறிக்கைகளைக் கண்டபின் மறுக்கும் நிலைக்கு உயர்த்துவதே முறை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், முதலிரண்டில் ஒன்றேனும் இல்லாத கடிதங்களை ஏற்கத் தயங்குகின்றன. ஊராட்சியின் உண்மைக் கடிதமே குப்பையில் விழக்கூடும்.

பதிவேடு பிறர் கையில் சிக்கினால் யாது நேரும் என்பதற்கு இலங்கையில் நடந்ததொன்றைக் கூறலாம். 2021 பிப்ரவரி 6 அன்று அந்நாட்டுப் பெயர்ப் பதிவில் ஊடுருவல் நேர்ந்து, கூகுளின் இலங்கை முகவரியைத் தேடியவர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குறைகள் முதலியவற்றைப் பேசும் வேறொரு பக்கத்திற்குத் திருப்பப்பட்டனர். அன்றே அது சரிசெய்யப்பட்டது. கூகுளின் கணினிகளில் பழுதேதுமில்லை. வழிகாட்டும் குறிப்பு மட்டுமே மாறியிருந்தது.

நம் ஊர்களில் நிகழக்கூடியது இதனினும் எளியது. தளம் அமைத்துத் தந்த ஒப்பந்தக்காரர் தம் பெயரிலேயே பெயரைப் பதிந்துகொள்வார். புதுப்பிக்கும் நாளறிவிப்பு அவருடைய கைப்பேசிக்கே செல்லும். மன்றமோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். ஆகவே உரிமையாளர் என்னுமிடத்தில் ஊராட்சியின் பெயரையே பதியச் செய்க. பெயர் எங்கே பதியப்பட்டது, என்று காலாவதியாகும், சர்வர்கள் எவை, அஞ்சற் குறிப்புகள் எவை என்பவற்றைத் தாளில் எழுதித் தீர்மானப் புத்தகத்துடன் வைக்கலாம். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாமல், முத்திரையிட்ட உறையில் தனியே பூட்டி வைத்து, பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் புதிய தலைவர் முன்னிலையில் மாற்றிவிடுக.