தண்ணீர் வரும் வழி – 11: தொட்டியடியில் ஒரு வகுப்பு

ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று அந்த வழியாகப் பேருந்தில் போனவர்களுக்குக்கூடத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் விழுந்த கணவாய் இது. தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளியில் நுழைந்து முப்பந்தல் பக்கம் சீறிக்கொண்டு இறங்குகிறது. அதை நம்பித்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றில், அதே மாதத்தில், ஒருவர் இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு மேல்நிலைத் தொட்டியில் ஏறவேண்டியிருக்கிறது. ஒரு கையில் வாளி, வாளியில் பிளீச்சிங் பவுடர். மூடியைத் திறந்ததும் தூள் பறந்து முகத்தில் அடிக்காமல் இருக்கக் காற்று முதுகில் படும்படி நிற்கவேண்டும். இதை அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

சென்ற வாரம் பேச்சிப்பாறை அணையில் தொடங்கித் தோவாளைச் சானல் வரை தண்ணீரோடு நடந்தோம். இந்த வாரம் அந்தத் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் நம் வீட்டுக் குழாய்க்கு அனுப்பும் கடைசி ஆளைப் பற்றிப் பேசவேண்டும். காகிதத்தில் அவர் பெயர் ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர்’. ஊருக்கு அவர் டேங்க் ஆபரேட்டர், வாட்டர்மேன். தெருவில் சைக்கிளில் போகும்போது ‘அண்ணாச்சி, எங்க தெருவுக்கு எப்பத் தொறப்பிய?’ என்று கேட்கப்படுகிறவர். மோட்டாரைப் போடுவது, வால்வு திறப்பது, உடைந்த குழாயை ஒட்டுவது, மின்சாரம் போனால் ஏச்சு வாங்குவது எல்லாம் அவர் பாடு. அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவரோடு சில நாள் கூடத் திரிந்து கற்றுக்கொண்டதுதான் பெரும்பாலான ஊர்களில் அவருடைய படிப்பு.

ஆரல்வாய்மொழி பேரூராட்சி. பக்கத்திலிருக்கும் தோவாளையும் செண்பகராமன்புதூரும் ஊராட்சிகள். எதுவானாலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். 1971 முதல் இயங்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் பெரிய திட்டங்களைத் தீட்டுகிறது, கட்டுகிறது. 1992இன் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊருக்குள் தண்ணீர் வழங்கும் பொறுப்பை ஊராட்சியிடம் கொடுத்தன. ஆக, நாலு வருடம் பொறியியல் படித்தவர்கள் கட்டிய ஒன்றை, ஒரு பக்கக் குறிப்பேடுகூடக் கையில் இல்லாத ஒருவர் முப்பது வருடம் ஓட்டுகிறார். அவர் ஓட்டுகிறார் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். அவருடைய கைத்திறமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மோட்டார் சத்தம் மாறினாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அவருக்கு நாம் கொடுக்காமல் விட்டது கைக்குள் அடங்காத இன்னொரு அறிவு: கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளந்து பார்க்கும் அறிவு.

குளோரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது தமிழ்நாட்டு ஊராட்சிகளில் வழங்கும் அளவு. 60,000 லிட்டர் தொட்டி என்றால் 240 கிராம். இதைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அந்தத் தூளில் எவ்வளவு குளோரின் மிச்சமிருக்கிறது? நல்ல தூளில் நூற்றில் 33 பங்கு வரை குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்துப் பம்ப் ரூம் மூலையில், ஈரத்தரையில், வாய் கட்டாமல் போட்டுவைத்தால் அது நாளுக்கு நாள் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து அதே 240 கிராமில் பாதி வெறும் சுண்ணாம்பாக இருக்கலாம். ஆபரேட்டர் சொன்ன அளவைச் சொன்னபடி போட்டிருப்பார், தண்ணீரில் காவல் இருக்காது. ஐப்பசி மழையில் தண்ணீர் கலங்கி வந்தால் இன்னொரு சிக்கல். கலங்கலில் உள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் வைக்காது. வெயில் காலத்துக்குப் போதுமான அளவு மழைக்காலத்துக்குப் போதாது.

அதனால் எவ்வளவு போட்டோம் என்பதைவிட, எவ்வளவு மிஞ்சியது என்பதே கேள்வி. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 சொல்வது, குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்கவேண்டும் என்று. அதைப் பார்க்கவேண்டிய இடம் தொட்டியடிக் குழாய் இல்லை. வரிசையில் கடைசித் தெருவின் கடைசிக் குழாய். கையடக்கமான குளோரோஸ்கோப் பெட்டியில் தண்ணீரைப் பிடித்து, மருந்து சில சொட்டு விட்டு, நிறத்தைப் பக்கத்திலுள்ள நிற அட்டையோடு ஒப்பிடவேண்டும். சில நிமிட வேலை. சமையலில் உப்பைப் போட்டுவிட்டு ருசி பார்க்காமல் இறக்குகிறவர் நம் ஊரில் யாரும் இல்லை. இந்த ருசிபார்த்தலை ஒருமுறை கடைசித் தெருவில் செய்துகாட்டிவிட்டால், ஆபரேட்டர் தூள் கணக்கைத் தானே மாற்றிக்கொள்ளக் கற்றுவிடுவார். நான் பார்த்தவரை பயிற்சிகளில் இதற்குத்தான் நேரம் மிகக் குறைவு.

பயிற்சி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் கொடுத்த விலை ஒன்று இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூர். ஐயாயிரம் பேருக்கும் குறைவான மக்கள். 2000 மே மாதம் பெருமழை பெய்தது. பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணம் கரைந்து, ஆழம் குறைந்த ஒரு கிணற்றுக்குள் ஈ.கோலை கிருமி இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அந்த ஊர்த் தண்ணீரை நடத்தியவர்கள் இரண்டு சகோதரர்கள். நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் தலைமையில் நடந்த விசாரணை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தது. இருவருக்கும் சான்றிதழ் இருந்தது. ஆனால் தேர்வு எழுதி வாங்கியது இல்லை, பல வருடம் வேலையில் இருந்ததற்காகக் கிடைத்தது. தினமும் குளோரின் அளவைப் பார்க்காமலே பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதினார்கள். ஊரார் குளோரின் ருசி பிடிக்கவில்லை என்றதால் அளவைக் குறைத்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஊருக்குக் கேடு நினைத்தவர்கள் இல்லை. குளோரின் போடாத அந்தத் தண்ணீரைத் தாங்களே குடித்தவர்கள், அது சுத்தமானது என்று மனதார நம்பியவர்கள். ஈ.கோலை என்றால் என்ன, அது எப்படிக் கொல்லும் என்று அவர்களுக்கு யாரும் புரியவைத்திருக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பதிவேடுகள்தான் நினைவுக்கு வந்தன. நம்மிடமும் விதி உண்டு. ஊராட்சிகளில் மாதம் 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் தொட்டி கழுவவேண்டும், கழுவிய தேதியைத் தொட்டியில் எழுதவேண்டும். எழுதுவதற்குக் காரணம் புரியாதவரை, கையும் பெயிண்டும் தேதியை எழுதிவிட்டுப் போய்விடும். காரணம் புரிந்தவர் தேதியை எழுதாமல் விட்டாலும் தொட்டியைக் கழுவாமல் விடமாட்டார்.

கனடா அதன்பிறகு சும்மா இருக்கவில்லை. ஒன்டாரியோவில் தண்ணீர் இயக்குபவர் ஒவ்வொருவரும் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறவேண்டும் என்றானது. 2004இல் அதே வாக்கர்டனில் தண்ணீர் இயக்குபவர்களுக்கென்றே ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். அமெரிக்கச் சிற்றூர்களில் வேறொரு முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அனுபவமுள்ள ஒருவர் வண்டியில் ஊர் ஊராகப் போய், ஆபரேட்டரின் பம்ப் ரூமிலேயே, அவருடைய கோளாறான மோட்டாரையே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு நாள் முழுக்க ஒருவரோடு ஒருவர். எனக்கு இந்த இரண்டாவது முறையில்தான் நம்பிக்கை அதிகம்.

வெளியூரைப் பார்த்துத்தான் கற்கவேண்டும் என்றும் இல்லை. 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் குடிநீர் வாரியத்துக்குள்ளேயே ஓர் அருமையான முயற்சி நடந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி விபு நாயரும் மனித உரிமை வழக்கறிஞர் வி. சுரேஷும் முன்னின்று நடத்தியது. பதவி வரிசை பார்க்காமல் பொறியாளர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். அதற்குக் ‘கூடம்’ என்று பெயர் வைத்தார்கள். கிராமத்துக்குப் போய், தண்ணீர் கிடைக்காத கடைசி ஆளிடம் முதலில் பேசுவது என்று முடிவெடுத்தார்கள். மறைமலை நகரில் கூடி ஒரு பிரகடனமே எழுதிக்கொண்டார்கள். 145 ஊராட்சிகளில் அதைச் செய்துபார்த்தார்கள். புதுத் திட்டம் போடுவதற்கு முன்னால் இருப்பதைப் பழுதுபார்ப்பது என்ற வழக்கம் அதிலிருந்து வலுப்பட்டது. பயிற்சி என்றாலே மேலிருப்பவர் பேச, கீழிருப்பவர் கேட்பது என்று இருந்ததை, படித்தவர்கள் ஆபரேட்டரிடமும் ஊராரிடமும் கற்கும்படி திருப்பிப்போட்ட முயற்சி அது. இருபது வருடம் கழித்தும் அந்த வட்டத்தை நாம் ஒவ்வொரு தொட்டியடியிலும் போடவில்லை என்பது மனதைச் சங்கடப்படுத்துகிறது.

இப்போது ஜல் ஜீவன் திட்டம் வந்தபிறகு சில நல்ல மாற்றங்கள். ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப்பரிசோதனைப் பெட்டியைக் கொடுத்துத் தண்ணீரைச் சோதிக்கப் பழக்கவேண்டும் என்கிறது அது. பெட்டியோடு வரும் சிறு புட்டி ஒன்றைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், கழிவு கலந்திருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். குவாலியரிலிருந்த இந்திய விஞ்ஞானிகள் மஞ்ஜா, மௌர்யா, ராவ் மூவரும் 1982இல் உலகுக்குச் சொன்ன முறை இது. ஆய்வகம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், நம் ஊர்ச் சூடே போதும். ஒரு வகுப்பில் நூறு படம் காட்டுவதற்குப் பதில், தன் தெருத் தண்ணீர் ஊற்றிய புட்டி கறுத்துப்போயிருப்பதை ஆபரேட்டர் ஒரு காலையில் பார்த்துவிட்டால் பிறகு அவருக்கு யாரும் எதையும் விளக்கவேண்டாம்.

ஆரல்வாய்மொழியில் ஒரு வகுப்பு நடத்தச் சொன்னால் நான் கேட்பது இவ்வளவுதான். வகுப்பு தொட்டியடியில் நடக்கட்டும். பேரூராட்சி ஆபரேட்டர்களோடு தோவாளை, மாதவலாயம், செண்பகராமன்புதூர் ஆட்களும் வரட்டும். காற்றுக் காலத்தில் இடுப்புப் பட்டை மாட்டாமல் ஏணியில் ஏறுவதில்லை என்பது முதல் பாடமாக இருக்கட்டும். தூளை மேலே கொண்டுபோய்க் கொட்டாமல், கீழேயே வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் எடுத்துப்போகப் பழகட்டும். தொட்டி நிறையும்போதே ஊற்றினால்தான் நன்றாகக் கலக்கும். ஊற்றிய பிறகு அரை மணி நேரம் வால்வைத் திறக்கக்கூடாது, எவ்வளவு அண்ணாச்சி போட்டுக் கூப்பிட்டாலும். அந்த அரை மணி நேரம்தான் குளோரின் வேலை செய்யும் நேரம்.

அந்த அரை மணி நேரத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம். தெருவில் குடத்தோடு நிற்பவர்களுக்கு அவசரம். பிளீச்சிங் வாடை அடித்தால் உறுப்பினரிடம் புகார், உறுப்பினரிடமிருந்து ஆபரேட்டருக்குப் போன். மறுநாள் பாதி அளவு. 0.2 மில்லிகிராம் என்பது பெரும்பாலும் மூக்குக்கே எட்டாத அளவு என்று அவருக்குத் தெரிந்திருந்தால், குளோரோஸ்கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புகார் சொன்னவர் வீட்டுக்கே போய் நிறத்தைக் காட்டியிருப்பார். அப்படிப் போகும் துணிவு சான்றிதழால் மட்டும் வராது. தொட்டி கலங்கியிருக்கும் நாளில் ‘இன்னைக்குத் தண்ணி விட முடியாது, காய்ச்சிக் குடிங்க’ என்று சொல்ல அவருக்கு எழுத்துமூலம் அதிகாரம் வேண்டும். அப்படிச் சொன்னதற்காக வேலை போகாது என்ற உறுதி வேண்டும். அதற்கேற்ற சம்பளமும் வேண்டும். ஆகவே வகுப்பில் ஊராட்சித் தலைவரும் செயல் அலுவலரும் வார்டு உறுப்பினர்களும் ஆபரேட்டர்களுக்குப் பக்கத்திலேயே உட்காரவேண்டும், தொடக்கவிழாவில் பேசிவிட்டுக் கிளம்பாமல் கடைசித் தெருக் குழாய் வரை கூட நடக்கவேண்டும்.

கடைசித் தெரு வரை நடந்தால் வழியில் சாக்கடை ஓரமாக இருக்கும் வால்வுக் குழிகள் கண்ணில் படும். தண்ணீர் நிறுத்தியிருக்கும் நேரத்தில் வெறுமையான குழாய் வெடிப்புகள் வழியே வெளித்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வதும், வால்வைத் திறந்தவுடன் வரும் முதல் குடத்தில் அது இருப்பதும் எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)