கரண்ட் போனால் போன் வருமா? பண்ணை எச்சரிக்கைக் கருவிக்கு ஏற்ற இணைப்பு எது?

மும்முனை மின்சாரம் வந்ததும் கைபேசிக்கு அழைத்துச் சொல்லும் மோட்டார் ஸ்டார்ட்டர் இன்று பல கிராமங்களில் பழகிவிட்டது. பாசனத்துக்கு அது போதும். பல்லடம் பக்கம் மூடிய கொட்டகையில் கறிக்கோழி வளர்ப்பவருக்கும், நாகை, சீர்காழி கடலோரத்தில் வனாமி இறால் வளர்ப்பவருக்கும், பயோபிளாக் தொட்டியில் மீன் வளர்ப்பவருக்கும் தேவை இதற்கு நேர்மாறானது. கரண்ட் போன அந்த நிமிடமே தகவல் வர வேண்டும்.

மூடிய கொட்டகையில் காற்றோட்டம் முழுவதும் மின்விசிறியை நம்பித்தான். வெயில் நேரத்தில் விசிறி நின்றால் அரை மணி நேரத்துக்குள் கோழிகள் மடியத் தொடங்கிவிடும். இறால் குளத்தில் ஆபத்து பின்னிரவில். பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்பு, ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் வேளையில் ஏரேட்டர் நின்றால் மொத்த முதலீடும் போய்விடலாம். ஆட்டோ ஸ்டார்ட் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பேட்டரி இறங்கியோ, டீசல் தீர்ந்தோ அது கிளம்பாமல் போகும் ஓர் இரவுக்காகத்தான் இந்தக் கருவி.

கடையில் பல வகைக் கருவிகள் கிடைக்கின்றன. கரண்ட் போனதைக் கண்டுபிடிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதை உங்கள் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வழியில்தான் வித்தியாசம்.

வைஃபை கருவி

விலை குறைவு, பொருத்துவதும் எளிது. ஆனால் கரண்ட் போனால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடும். சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் அடைத்துவிடும். அந்தப் பெட்டிக்குத் தனியாகச் சிறிய யூபிஎஸ் வைக்கலாம். அப்போதும் ஊரில் உள்ள கேபிள்காரரின் கருவிக்குப் பேட்டரி இல்லையென்றால் இணையம் வராது. தவிர, செயலி வழியாக வரும் அறிவிப்பு 'டிங்' என்று ஒருமுறை ஒலித்து நின்றுவிடும். தூக்கத்தில் இருப்பவரை எழுப்ப அது போதாது.

லேண்ட்லைன்

பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வந்தது. அதனால் வீட்டில் கரண்ட் போனாலும் பேச முடிந்தது. இன்றைய ஃபைபர் இணைப்பில் வரும் லேண்ட்லைன் அப்படியல்ல. வீட்டில் உள்ள பெட்டி அணைந்தால் தொலைபேசியும் அணைந்துவிடும். செம்புக் கம்பி இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் மட்டும் இதை யோசிக்கலாம்.

சிம் கார்டு கருவி

பெரும்பாலான பண்ணைகளுக்கு ஏற்றது இதுதான். உள்ளே பேட்டரியும் சிம்மும் இருக்கும். கரண்ட் போனதும் நீங்கள் பதிந்து வைத்த எண்களுக்கு வரிசையாக அழைக்கும். ஆனால் வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: இது 2ஜி-யா, 4ஜி-யா?

மலிவு விலைக் கருவிகளில் பல 2ஜி-யில் மட்டும் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. அந்தக் கருவியில் ஜியோ சிம்மைப் போட்டால் சிக்னலே எடுக்காது. ஏர்டெல், வி நிறுவனங்களின் 2ஜி-யில் வேலை செய்யும். ஆனால் 2ஜி-யை நீண்ட காலத்துக்கு நம்பி இருக்க முடியாது; சிங்கப்பூர் 2017-லேயே அதை மூடிவிட்டது. இப்போது புதிதாக வாங்குபவர்கள் 4ஜி கருவி வாங்குவதே நல்லது. அதிலும் குரல் அழைப்பு போகுமா, அதாவது வோல்ட்இ வசதி உண்டா என்று கேளுங்கள். சில 4ஜி கருவிகளில் டேட்டா மட்டுமே வேலை செய்யும், அழைப்பு போகாது.

எந்த நிறுவனத்தின் சிம்?

விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கருவி மாட்டப்போகும் சுவரருகே கைபேசியை வைத்து, ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மையும் போட்டு, பகலிலும் இரவிலும் அழைத்துப் பாருங்கள். தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும் என்பதால், ஆன்டெனாவை வயர் மூலம் கொட்டகைக்கு வெளியே கொண்டுவர முடிகிற கருவியாகப் பாருங்கள். சிம்மில் பின் எண் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ரீசார்ஜ்தான் பலரும் சறுக்கும் இடம். கருவியில் கிடக்கும் சிம்மின் வேலிடிட்டி முடிந்தது யாருக்கும் தெரியாது. கரண்ட் போகும்போதுதான் தெரியவரும். டேட்டா இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அதன்படி வந்துள்ள திட்டங்களில் நீண்ட நாள் வேலிடிட்டி உள்ளதைப் போட்டு, முடியும் தேதியைக் கொட்டகைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

குறுஞ்செய்தி போதுமா?

போதாது. நள்ளிரவில் யாரும் குறுஞ்செய்தியைப் பார்ப்பதில்லை. அழைப்புதான் முதலில் வர வேண்டும்; குறுஞ்செய்தி துணைக்கு. உங்கள் எண், வீட்டில் இன்னொருவர் எண், பண்ணையில் தங்கும் ஆள் எண் என்று குறைந்தது மூன்றையாவது பதியுங்கள். கருவியின் எண்ணுக்குத் தனி ரிங்டோன் வையுங்கள். 'தொந்தரவு செய்யாதே' நிலையிலும் அந்த எண் ஒலிக்கும்படி கைபேசியில் அமைத்துவிடுங்கள். இவற்றோடு, பண்ணையிலேயே பேட்டரியில் ஒலிக்கும் சைரன் ஒன்றும் இருக்கட்டும். எந்தச் சிக்னலும் இல்லாமல் ஒலிப்பது அது ஒன்றுதான்.

எங்கே இணைப்பது?

ஈபி மீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் இணைத்தால், ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடும்போதும் ஒவ்வொரு மின்தடைக்கும் போன் வரும். பத்து முறை வீணாக எழுந்தவர் பதினோராவது முறை எழ மாட்டார். ஆகவே சேஞ்ச் ஓவருக்குப் பிறகு, விசிறிக்கோ ஏரேட்டருக்கோ போகும் லைனில் இணையுங்கள். ஜெனரேட்டர் கிளம்ப ஒரு நிமிட அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் கரண்ட் இல்லையென்றால் அழைக்கும்படி அமைத்தால், வருகிற ஒவ்வொரு அழைப்பும் உண்மையான ஆபத்தாக இருக்கும். மூன்று பேஸையும் தனித்தனியாகக் கவனிக்கும் கருவியே நல்லது. ஒரு பேஸ் மட்டும் போனால் விளக்கு எரியும், மோட்டார் நின்றிருக்கும். இணைப்பு வேலையை எலெக்ட்ரீசியனிடமே விடுங்கள்.

கருவியே செயலிழந்தால்?

இடி விழுந்து கருவி கெட்டுப்போனாலும் சரி, செல்போன் கோபுரம் நின்றாலும் சரி, உங்களுக்கு எந்த அழைப்பும் வராது. எல்லாம் நன்றாக இருக்கும்போதும் அழைப்பு வராது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததுதான் பெரிய ஆபத்து. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்கம்பங்களோடு பல இடங்களில் செல்போன் சேவையும் படுத்துவிட்டதை டெல்டா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, குறிப்பிட்ட இடைவெளியில் 'நான் இருக்கிறேன்' என்று இணையம் வழியே செய்தி அனுப்பும் கருவி. அந்தச் செய்தி நின்றுபோனால் நிறுவனத்தின் சர்வர் உங்களை அழைக்கும். இதற்கு டேட்டா திட்டமும் சந்தாவும் தேவை. முதலீடு பெரிதென்றால் இந்தச் செலவு நியாயமே. மற்றொன்று, தினமும் இரவு ஒரு முறை நிலவரக் குறுஞ்செய்தி அனுப்பும்படி கருவியை அமைப்பது. அது வராத அன்று பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் எந்தக் கருவியையும் நம்ப வேண்டாம். ஆள் தங்குவதே பாதுகாப்பு.

வாரம் ஒரு சோதனை

வாரத்தில் ஒரு நாள், காலை குளிர்ச்சியான நேரத்தில், கருவி இணைந்துள்ள லைனின் சுவிட்சை அணையுங்கள். மூன்று எண்களுக்கும் அழைப்பு வருகிறதா, சைரன் ஒலிக்கிறதா என்று பார்த்து, நோட்டில் தேதி எழுதி வையுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, ஜெனரேட்டர் தானாகக் கிளம்புகிறதா என்றும் பாருங்கள். இப்படிச் செய்வதால் சிம்மும் பயன்பாட்டில் இருக்கும். ஜெனரேட்டர் பேட்டரியின் நிலையும் தெரிந்துவிடும். கருவிக்குள் உள்ள பேட்டரியை, பழுதாகும் வரை காத்திருக்காமல், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே கருவி வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு வேலை செய்யலாம். கொட்டகைக்குப் போய் சுவிட்சை அணைத்துவிட்டு, கைபேசி ஒலிக்கிறதா என்று பாருங்கள்.