திரும்ப இடம் கேட்கும் ஸ்போர்ட்ஸ் கார்: காட்கோபர் சாலைகளில் 'டர்னிங் சர்க்கிள்' ஏன் முக்கியம்?

மும்பை: ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்புவோர் அதன் குதிரைத்திறனையும், 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடிகளில் எட்டும் என்பதையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். விவரப் பட்டியலின் கடைசிப் பகுதியில் அச்சாகும் ஓர் எண்ணைப் பலர் பார்ப்பதேயில்லை. ஸ்டீயரிங்கை முழுமையாக ஒடித்துத் திருப்பினால் கார் சுற்றி வருவதற்கு எவ்வளவு இடம் தேவை என்பதைக் குறிக்கும் எண் அது. மும்பையின் காட்கோபர் போன்ற நெரிசலான பகுதியில் அந்தக் காருடன் அன்றாடம் வாழ்வது எளிதா, கடினமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த எண்தான்.

'டர்னிங் சர்க்கிள்' எனப்படும் திருப்பு வட்டத்தைப் படிக்கும்போது ஒரு குழப்பம் நேர்வதுண்டு. இந்தியச் சந்தைக்கான கார்களுக்குப் பெரும்பாலும் வட்டத்தின் ஆரமே தரப்படுகிறது. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனங்களோ விட்டத்தைத் தருகின்றன. மாருதி ஆல்டோ 800 காரின் திருப்பு ஆரம் 4.6 மீட்டர் என்றால், விட்டம் 9.2 மீட்டர். ஸ்விஃப்ட் காருக்கு ஆரம் 4.8 மீட்டர், விட்டம் 9.6 மீட்டர். 2022 வரை தயாரிக்கப்பட்ட லம்போர்கினி அவென்டடோர் காரின் முதல் வடிவத்துக்குத் தேவைப்பட்ட விட்டம் 12.5 மீட்டர். ஆல்டோவைவிட ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர் கூடுதல்.

60 அடிச் சாலையில் ஒரு கணக்கு

தாராவியில் உள்ளதைப் போலவே, காட்கோபர் கிழக்கிலும் அகலத்தையே பெயராகக் கொண்ட 60 அடிச் சாலையும் 90 அடிச் சாலையும் உள்ளன. 60 அடி என்பது 18.3 மீட்டர். காகிதத்தில் பார்த்தால் எந்த ஸ்போர்ட்ஸ் காரும் இதில் தாராளமாக யு-டர்ன் எடுக்கலாம்.

ஆனால் இரு பக்கமும் தலா 2 மீட்டர் நடைபாதைக்குப் போவதாகக் கொண்டால் 14.3 மீட்டர் மிஞ்சும். இரு ஓரங்களிலும் கார்கள் நிறுத்தப்பட்டிருந்தால் மேலும் 4 மீட்டர் குறைந்து, 10.3 மீட்டர் மட்டுமே எஞ்சும். ஆல்டோவும் ஸ்விஃப்டும் நெருக்கடியுடன் ஒரே வீச்சில் திரும்பிவிடும். அவென்டடோர் திரும்பாது. சாலையின் குறுக்கே நின்று, ரிவர்ஸ் எடுத்து, மீண்டும் முன்னேற வேண்டும். பின்புறம் சரியாகத் தெரியாத காரில் இதைச் செய்வதற்குள் இரு திசையிலும் ஆட்டோக்கள் மூக்கை நுழைத்துவிடும். காட்கோபர் கிழக்கில்தான் மாநகராட்சியின் ராஜாவாடி மருத்துவமனை இருக்கிறது. அதற்குச் செல்லும் ஆம்புலன்ஸ் இத்தகைய நெரிசலில் சிக்கினால், குறுக்கே நிற்கும் காரின் சங்கடம் அதன் உரிமையாளருடையது மட்டுமல்ல.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. திருப்பு வட்டம் வழக்கமாகச் சக்கரம் செல்லும் தடத்தை வைத்தே அளக்கப்படுகிறது. சக்கரத்துக்கு முன்னால் நீளும் மூக்குப் பகுதி அதில் சேராது. தாழ்வான நடைபாதை விளிம்பின் மேலாக மூக்கு கடந்துவிடலாம். மதில் சுவரையோ, நிறுத்திய காரையோ கடக்க முடியாது. ஆகவே சந்துகளில் தேவைப்படும் இடம் பட்டியலில் உள்ளதைவிடக் கூடுதலே.

குற்றவாளி நீளம் அல்ல, கோணம்

கார் நீளமாக இருப்பதால்தான் திரும்புவதில்லை என்று எண்ணுவது இயல்பு. கணக்கு வேறு கதை சொல்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஆல்டோவில் 2.36 மீட்டர், அவென்டடோரில் 2.70 மீட்டர். வித்தியாசம் 34 சென்டிமீட்டர் மட்டுமே. இந்தத் தூரத்தையும் திருப்பு ஆரத்தையும் வைத்து எளிய முக்கோணக் கணக்குப் போட்டால், ஆல்டோவின் வெளிப்புற முன்சக்கரம் ஏறத்தாழ 31 பாகை திரும்புவதும், அவென்டடோரின் சக்கரம் 26 பாகைக்குள் நின்றுவிடுவதும் தெரிகிறது. அந்த ஐந்து பாகை கிடைத்திருந்தால் அதன் திருப்பு வட்டம் 10.5 மீட்டருக்கு வந்திருக்கும்.

அந்த ஐந்து பாகையைப் பறிப்பது முதலில் டயர். ஆல்டோவின் டயர் அகலம் 145 மில்லிமீட்டர்; அவென்டடோரின் முன் டயர் 255 மில்லிமீட்டர். அகன்ற டயர் திரும்பும்போது சக்கரக் குழியின் உட்சுவரையும் சஸ்பென்ஷன் கரங்களையும் விரைவில் எட்டிவிடும். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார்களில் முன்சக்கர அச்சின் மூட்டுகளும் ஓர் அளவுக்கு மேல் வளைய இயலாது.

ஸ்டீயரிங் வடிவமைப்பும் ஒரு காரணம். வளைவில் உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாட்டை ஜெர்மானிய வண்டி வடிவமைப்பாளர் லாங்கென்ஸ்பெர்கர் உருவாக்க, 1818-ல் இங்கிலாந்தில் ருடால்ஃப் அக்கர்மன் அதற்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்காகப் பிறந்த அந்த விதி சாதாரண கார்களில் இன்றும் பெருமளவு பின்பற்றப்படுகிறது. அதிவேக வளைவுகளில் பிடிமானம் கிடைப்பதற்காக ஸ்போர்ட்ஸ் கார்கள் அதிலிருந்து சற்றே விலகுகின்றன. இதனால் முழுமையாக ஒடித்து மெதுவாக ஓட்டும்போது முன் டயர்கள் தரையில் வழுக்கித் தடதடப்பதுண்டு. புதிதாக வாங்கியவர்கள் இதைப் பழுது என நினைத்துப் பணிமனைக்கு ஓடத் தேவையில்லை.

எதிர்முனையில் இருப்பது ஆட்டோ. ஒற்றை முன்சக்கரம் என்பதால் அகன்ற இயந்திரமோ, இரட்டைச் சக்கரக் குழியோ அதைத் தடுப்பதில்லை. 3 மீட்டருக்கும் குறைவான ஆரத்தில் திரும்பிவிடும். காட்கோபரிலிருந்து இரண்டு ரயில் நிலையம் தள்ளி, குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினியும் இந்த நகரின் அளவுக்கேற்ற கார்தான். 2023 அக்டோபருடன் டாக்சியாக ஓய்வு பெற்ற அதன் அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. கண்ணாடிகளைச் சேர்க்காமலேயே அவென்டடோரின் அகலம் 2.03 மீட்டர்.

பின்சக்கரமும் திரும்பினால்

முன்சக்கரத்துக்கு இடமில்லை என்றால் பின்சக்கரத்தைத் திருப்பலாம் என்பதே பொறியாளர்கள் கண்ட வழி. குறைந்த வேகத்தில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் சிறிதளவு திரும்பும். கார் குட்டையானதுபோல் நடந்துகொள்ளும். 1987-ல் ஹோண்டா பிரெலூட் இதைப் பரவலான விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013-ல் போர்ஷே 911 ஜிடி3 காரிலும், பின்னர் அவென்டடோர் எஸ் வடிவத்திலும் இது இடம்பெற்றது. மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் பின்சக்கரங்கள் 10 பாகை வரை திரும்பும் வசதி, திருப்பு வட்டத்தை 2 மீட்டர் வரை குறைக்கிறது. பழைய கார் வாங்குவோர் குறிப்பிட்ட மாடலில் இவ்வசதி உள்ளதா என்று பார்ப்பது நல்லது. பின்னர் பொருத்திக்கொள்ளக் கூடியதல்ல இது.

இவ்வசதி இல்லாத காரை வைத்திருப்போருக்கு உள்ள வழிகள் எளியவை. யு-டர்ன் எடுப்பதற்குப் பதிலாக அடுத்தடுத்து இடப்பக்கம் திரும்பிச் சுற்றி வரலாம். சந்துக்குள் ரிவர்ஸில் நுழைந்துவிட்டால் வெளியேறுவது சுலபம். முன்பக்க கேமரா இருந்தால் மூக்கு உரசுவது குறையும்.

வீட்டு வளாகத்தைப் பொறுத்தவரை, காட்கோபரின் புதிய அடுக்குமாடிகளில் சிக்கல் குறைவு. தீயணைப்பு வாகனம் திரும்புவதற்கு 9 மீட்டர் ஆரம் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுவதால், அங்கே ஸ்போர்ட்ஸ் காருக்கும் இடம் கிடைத்துவிடும். ஆனாலும் அடித்தள வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சாய்தளத்தின் வளைவைத் தனியே அளந்து பார்க்க வேண்டும். பழைய கூட்டுறவுக் குடியிருப்புகளின் குறுகிய வாயில்களே உண்மையான சோதனை. முன்பணம் கட்டுவதற்கு முன், சோதனை ஓட்டத்துக்கு வரும் காரை மாலை ஏழு மணிக்குத் தம் வீட்டு வாயிலுக்கே ஓட்டி வந்து, உள்ளே திருப்பி நிறுத்திப் பார்க்கக் கேட்கலாம்.