ஒரு ஃபைனல், ரெண்டே ட்ரை... ரெண்டுமே 'லீக்' ஆளுங்க! ஜேசன் ராபின்சன் தாண்டிய 100 வருட சுவர்

2003 நவம்பர் 22, சிட்னி. ரக்பி யூனியன் உலகக்கோப்பை ஃபைனலில் ஆஸ்திரேலியாவை 20-17 என இங்கிலாந்து வென்றது. இந்த மேட்ச்னு சொன்னாலே, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஜானி வில்கின்சன் உதைத்த டிராப் கோல்தான் ஞாபகம் வரும்.

ஆனால் அன்றைக்கு விழுந்த ட்ரை மொத்தமே இரண்டுதான். பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டி தரையில் வைத்தால் அது ட்ரை. ஆஸ்திரேலியாவுக்கு லோட்டே துகிரி, இங்கிலாந்துக்கு ஜேசன் ராபின்சன். இரண்டு பேருமே ரக்பி லீகில் பேர் வாங்கிய பிறகு யூனியனுக்கு வந்தவர்கள். பத்து வருடம் முன்னாடி இது நடந்திருக்கவே முடியாது. ஏன்?

ரக்பியில் ரெண்டு வகையா?

ஆமாம். யூனியனில் ஒரு அணிக்கு 15 பேர், லீகில் 13 பேர். யூனியனில் ஒருவரை டேக்கிள் செய்து கீழே தள்ளினாலும் பந்துக்கான சண்டை ஓயாது. இரண்டு அணியும் முட்டித்தள்ளி அதைப் பிடிக்கப் பார்க்கும். லீகில் விழுந்தவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னால் உருட்டி ஆட்டத்தைத் தொடர்வார். ஆறு டேக்கிள் முடிந்தால் பந்து எதிரணிக்கு. அதனால் லீகில் ஓட்டமும், நேருக்கு நேர் மோதலும் அதிகம்.

பிரிந்தது எதனால்?

கூலிப் பிரச்சினை. வட இங்கிலாந்தில் ரக்பி ஆடிய பலர் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை மேட்ச்சுக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. அதைக் கிளப்புகள் ஈடுகட்டலாமா என்று கேட்டபோது, வசதியானவர்கள் கையில் இருந்த ரக்பி நிர்வாகம் மறுத்துவிட்டது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கு கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. அதுதான் பின்னாளில் லீக்.

அதன்பிறகு லீகுக்குப் போனவருக்கு யூனியனில் இடமே இல்லை. கார்டிஃபில் பிறந்த பில்லி பாஸ்டன் 1953-ல் விகன் லீக் கிளப்பில் சேர்ந்தார். மொத்தம் 571 ட்ரை அடித்தும், வேல்ஸ் யூனியன் அணிக்கு ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ராபின்சனுக்கு எப்படிக் கதவு திறந்தது?

1995 ஆகஸ்டில் யூனியனும் 'இனி காசு வாங்கலாம்' என்று அறிவித்தது. பிரிந்து சரியாக 100 வருடம். அப்போது விகன் கிளப்பின் விங் வீரரான ராபின்சனுக்கு வயது 21.

அடுத்த மே மாதமே விகனும், யூனியன் சாம்பியன் பாத் கிளப்பும் மோதின. லீக் ரூல்ஸில் விகன் 82-6. யூனியன் ரூல்ஸில் பாத் 44-19. 'எல்லாம் ஒரே ரக்பிதானே' என்று நினைத்தவர்களுக்கு அந்த ஸ்கோரே பதில்.

விகனுக்காக 302 மேட்ச்சில் 171 ட்ரை அடித்த ராபின்சன், 2000-ல் சேல் யூனியன் கிளப்புக்கு மாறினார். 2001-ல் இங்கிலாந்து, அதே வருடம் பிரிட்டிஷ் & ஐரிஷ் லயன்ஸ். பிரிஸ்பேன் டெஸ்ட்டில் மூணாவது நிமிடமே ட்ரை!

எல்லாராலும் முடியுமா?

இல்லை. ராபின்சனின் பலம், சின்ன இடத்தில் எதிராளியை ஏமாற்றி விலகி ஓடுவது. விங், ஃபுல்பேக் இடங்களில் அது அப்படியே கைகொடுத்தது. லீகில் ஃபார்வர்டாகக் கலக்கிய சாம் பர்ஜஸ் கதை வேறு. 2014-ல் யூனியனுக்கு வந்தவரை பாத் கிளப் ஒரு பொசிஷனில் ஆட வைத்தது, இங்கிலாந்து அணி இன்னொன்றில். 2015 உலகக்கோப்பையில் இங்கிலாந்து முதல் சுற்றிலேயே வெளியேற, சில வாரங்களில் லீகுக்கே திரும்பிவிட்டார்.

ராபின்சனின் கடைசி சர்வதேச மேட்ச்சும் ஒரு ஃபைனல்தான். 2007-ல் பாரிஸில் தென்னாப்பிரிக்காவிடம் 15-6 எனத் தோல்வி. இங்கிலாந்து யூனியன் அணிக்கு மொத்தம் 51 மேட்ச், 28 ட்ரை.

பாஸ்டன், ராபின்சன் இருவருக்கும் ஒரே கிளப், ஒரே விங். ஒருவருக்கு இரண்டு ரக்பியும் கிடைத்தது, இன்னொருவருக்கு ஒன்றுதான். பாஸ்டனுக்கு 2025-ல், 90 வயதில், 'சர்' பட்டம் கிடைத்தது. லீக் வீரர்களில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.