ஓடுபாதையும் ஊர் நினைவும்

கடையில் விற்கும் சாதாரண மோட்டார்க் காரை, அதன் புறத்தோற்றம் மாறாமல், வேகத்துக்கேற்பத் திருத்திச் சுற்றுப்பாதையில் ஓட்டும் போட்டியையே தொடக்கத்தில் அமெரிக்கர் ஸ்டொக் கார் பந்தயம் என்றனர். இன்று பெருஞ்செல்வம் புரளும் இவ்விளையாட்டு, எளிய கிராமங்களில் வளர்ந்தது. அக்கிராமங்களின் நினைவை எவ்வாறு காப்பது? வட கரோலினா மாநிலத்து வில்க்ஸ் மாவட்டத்தின் கதை இவ்வினாவுக்கு ஒரு விடை தருகின்றது.

வில்க்ஸ் மலைப்பாங்கான பிரதேசம். விளைந்த சோளத்தைக் கசிப்பாகக் காய்ச்சி, இரவிரவாகக் கடத்துவது அங்கே பலருக்குப் பிழைப்பாயிருந்தது. வரி அதிகாரிகளிடம் அகப்படாதிருக்க, பார்வைக்குச் சாதாரணமாயும் உள்ளே வலிய இயந்திரம் பொருந்தியதாயும் உள்ள கார் வேண்டும். வளைந்த பாதையில் அதனைச் செலுத்தவல்ல கையும் வேண்டும். அத்தகைய கைகள் சில பின்னர்ப் பந்தயத்துக்கு வந்தன.

1947இல் ஈனக் ஸ்டேலி என்பவர் கூட்டாளிகளுடன் நோர்த் வில்க்ஸ்பரோவில் ஒரு மண் ஓடுபாதையை அமைத்தார். அதன் சுற்று, ஒரு மைலில் எட்டில் ஐந்து பங்கு. நிலத்தின் சரிவு நிரவப்படாமையால், கார்கள் ஒரு பக்கம் இறங்கியும் மறுபக்கம் ஏறியும் ஓடின. தேசியப் போட்டித்தொடரின் முதலாம் ஆண்டாகிய 1949இல், இறுதிப் பந்தயம் இங்கேயே நடைபெற்றது.

இம்மண்ணின் மைந்தர் ஜூனியர் ஜோன்சன். வெறுங்காலுடன் கோவேறு கழுதை பூட்டி உழுதுகொண்டிருந்த தம்மை அண்ணன் வந்து பந்தயத்துக்கு அழைத்தமையை அவர் பலகாலும் கூறுவார். கசிப்பு வழக்கிற் சிறை சென்ற அவர், தேசியத் தொடரில் 50 வெற்றிகளை ஈட்டினார். 1986இல் சனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பளித்தார். வெற்றிப் பட்டியல் 50 என்ற எண்ணை மட்டுமே சொல்லும். ஏரும் சிறையும் ஊரவர் நாவில் வாழ்ந்தவை.

1995இல் ஸ்டேலி மறைந்தார். புதிய உரிமையாளர்கள் ஆண்டுக்கிருமுறை நடந்த பெரும் பந்தயங்களை டெக்சாசுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் மாற்றினர். 1996 செப்டெம்பர் 29இல் கடைசிப் பெரும் பந்தயம் நடந்தது. பின்னர் பாதையின் வெடிப்புகளிற் புல் முளைத்தது. இடையில் எடுத்த ஒரு முயற்சியும் நிலைக்கவில்லை.

2019 டிசெம்பரில், பந்தய வீரர் டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியரும் தொண்டர்களும் களை பிடுங்கிப் பாதையைத் துப்புரவாக்கினர். அவர்கள் பந்தயம் நடத்த வந்தவர்களல்லர். கணினிப் பந்தய விளையாட்டுக்காக மேடு பள்ளங்களை லேசர் கதிர்களால் அளந்து பதிந்துகொள்வதே நோக்கம். ஓடுபாதை அழிந்தாலும் அதன் வடிவம் எஞ்சட்டும் என எண்ணினர். அதே மாதம் 20ஆம் திகதி ஜோன்சன் காலமானார்.

அவ்வாண்டு துளிர்த்த ஆர்வம் அடங்கவில்லை. 2021இல் மாநில வரவுசெலவுத் திட்டம் 1 கோடி 80 இலட்சம் டொலர் ஒதுக்கியது. 2022இற் கார்கள் மீண்டும் ஓடின. 2023 மே மாதத்தில் தேசிய நட்சத்திரப் பந்தயமே அங்கு நடந்தது. சாயம் மங்கிய பழைய எழுத்துகள் சில வேண்டுமென்றே அழியாது விடப்பட்டன.

ஆனால் பழைய தார்ப்பரப்பு மேலும் தாங்கவில்லை. 2024இற் புதிய தார் இடப்பட்டது. வீரர்களின் கைகள் பழகியறிந்த அந்தப் பழைய மேடு பள்ளங்கள், களை பிடுங்கிய அத்தொண்டர்களின் உழைப்பால், இன்றும் அளவு பிசகாமற் பதிவில் உள்ளன. சோள வயலில் ஏர் நிறுத்திய இளைஞனின் கதையோ எந்தக் கதிராலும் அளக்க முடியாதது. சொல்பவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தால்தான் அது எஞ்சும்.