யார் பெரியவர் என்பதல்ல, யார் யாரை வளர்த்தார் என்பதே கேள்வி

குருண் வட்டாரத்தில் திருமண விருந்து என்றால், இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்காரரைச் சுற்றி ஒரு சின்னப் பஞ்சாயத்து நடக்காமல் இராது. தாத்தாவுக்கு அலிகேட்ஸ் வேண்டும். மாமாவுக்கு யோகி பி வேண்டும். இளவட்டங்களுக்கோ உருமி அடித்தால்தான் கால் தரையில் நிற்காது. பழையவர்கள் பெரியவர்களா, புதியவர்கள் பெரியவர்களா என்ற வாக்குவாதம் அங்கேயே தொடங்கிவிடும். பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்புதான். ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டால் விடை கிடைக்காது.

முதல் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 1960களின் இறுதியில் பினாங்கில் உருவான குழு அலிகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள் அதன் முகமும் குரலும் ஆனார்கள். அடர்ந்த சுருள் முடிதான் அவர்களின் அடையாளம். அவர்கள் புகழ்பெற்றது மலாய்ப் பாடல்களால். எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்களின் மெட்டுகள் அவர்கள் குரலில் நாடெங்கும் ஒலித்தன. தமிழ்ப் பிள்ளைகள் மலாயில் பாடி மூவினத்தவரின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது சாதாரணச் செய்தி அல்ல. 2007ஆம் ஆண்டு லோகநாதன் மறைந்தபோது துக்கம் விசாரித்தவர்கள் இந்தியர்கள் மட்டுமல்லர்.

இரண்டாம் தலைமுறை 1990களில் எழுந்தது. பொயட்டிக் அம்மோ என்ற சொல்லிசைக் குழுவில் யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லாண்ட்ஸ்லைட், சி லோக்கோ ஆகியோர் இருந்தார்கள். 1998இல் அவர்களின் முதல் தொகுப்பு வந்தது. ஆங்கிலத்தையே பெரிதும் நம்பிய அந்தக் குழு, இடையிடையே மலாயையும் தமிழையும் கலந்தது. பிறகு யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் சேர்ந்து நட்சத்ரா என்ற பெயரில் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைத் தமிழிலேயே வெளியிட்டார். அதில் இடம்பெற்ற ‘மடை திறந்து’ தமிழகத்துக் கடைத்தெருக்களிலும் ஒலித்தது. மலேசியாவில் பிறந்த தமிழ் ஓசையைச் சென்னை திரும்பிப் பார்த்தது. ‘ஆடுகளம்’, ‘விவேகம்’ போன்ற படங்களில் யோகி பியின் குரல் கேட்டது. 2016இல் ‘கபாலி’ வந்தபோது ரோஷன் ஜாம்ராக் போன்ற இளையவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது.

ஆக, அண்ணன்மார் மலாயில் பாடி நாட்டை வென்றார்கள். தம்பிமார் தமிழில் பாடிக் கடலைத் தாண்டினார்கள். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா?

இந்த இடத்தில் ஆப்பிரிக்காவின் கொங்கோ நாட்டைப் பார்ப்பது பயன்தரும். ரும்பா என்ற ஆட்ட இசை அங்கே உயிர்மூச்சு. 2021இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது. 1956இல் தொடங்கிய ஓகே ஜாஸ் குழுவின் பிராங்கோ அங்கே ஒரு காலத்தின் சக்கரவர்த்தி. அந்தக் காலத்துக் குழுக்களில் சாக்சபோன் போன்ற ஊதுகருவிகள் நிறைந்திருக்கும். 1969இல் பாப்பா வெம்பா முதலிய இளைஞர்கள் சைக்கோ லங்கா லங்கா குழுவைத் தொடங்கி, ஊதுகருவிகளைத் தூக்கிப் போட்டார்கள். பாட்டின் பிற்பகுதியில் கித்தார் வேகமெடுத்து ஆட்டம் களைகட்டும் பகுதிக்கு அங்கே செபென் என்று பெயர். அதை இன்னும் நீட்டினார்கள். பின்னர், ஆடுபவர்களைக் கூவி உசுப்பேற்றுவதற்கென்றே தனி ஆள் வந்தார். நம் சொல்லிசைக் கலைஞருக்கு அவர் தூரத்து உறவுக்காரர் என்று சொல்லலாம். ‘இது ரும்பாவா, கூச்சலா’ என்று பெரியவர்கள் அங்கேயும் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள்.

ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாப்பா வெம்பா 1977இல் விவா லா மியூசிக்கா என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். அங்கே வளர்ந்தவர் கோஃபி ஒலொமிடே. அவருடைய காத்தியே லத்தின் குழுவில் பாடிப் பழகியவர் ஃபாலி இபுபா. ‘வல்லவன்’ வந்த அதே 2006இல்தான் இபுபா தனியாக முதல் தொகுப்பை வெளியிட்டார். சண்டையும் பிளவும் அங்கே நிறைய உண்டு. ஆனாலும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு குழு, குழுவுக்குப் பின்னால் ஒரு மூத்தவர். அவரிடம் திட்டு வாங்கித்தான் அடுத்தவர் தேறினார்.

நம்மிடம் அந்தச் சங்கிலி எப்படி இருக்கிறது? அலிகேட்ஸ் குழுவுக்கும் பொயட்டிக் அம்மோவுக்கும் இடையே குரு சீடர் கோடு எதுவும் இல்லை. மொழி வேறு, மேடை வேறு, ரசிகர் வேறு. முதல் முறையாக ஒரு கண்ணி பூட்டப்பட்டது நட்சத்ராவில்தான். மூத்தவர் தம் பெயரின் பலத்தில் இரு இளையவர்களை மேடையேற்றினார். ‘வல்லவன்’ தொகுப்பின் விற்பனையைவிட இதுவே பெரிய காரியம்.

இன்னொரு சங்கிலி தோட்டத்தில் இருந்தது. அதை இந்த வாக்குவாதத்தில் யாரும் சேர்ப்பதில்லை. உருமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும், மறுபக்கத்தைத் தட்ட வேண்டும். தேய்க்கும்போது எழும் விம்மலைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. கோயில் திருவிழாவில் அப்பா அடிக்க, பக்கத்தில் நின்ற பையன் கையைப் பார்த்தே பழகினான். மெதுவாகத் தொடங்கி அருள் வரும் நேரத்தில் வேகமெடுக்கும் அந்தக் கட்டு, செபெனுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஜெராய் மலையடிவாரத்துத் தோட்டங்களில் லயங்கள் காலியாகின. குருண், பீடோங், சுங்கைப்பட்டாணி என்று குடும்பங்கள் சிதறின. தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் அப்பாவுக்குப் பிள்ளையோடு கோயில் வாசலில் நிற்க நேரம் ஏது? இன்றும் உருமி மேளக் குழுக்கள் இருக்கின்றன, இளைஞர்கள் ஆர்வமாகத்தான் அடிக்கிறார்கள். ஆனால் பலர் அடியைக் கற்பது கைப்பேசிக் காணொளியைப் பார்த்து. வேகம் வந்துவிடுகிறது. விம்மல் வருவதில்லை, குச்சியைப் பிடித்த கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் காணொளி காட்டாது. குருண் பக்கம் அதைத் தொட்டுக் காட்டக்கூடிய பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கோயில் நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மண்டபத்தைத் திறந்துவிட்டால், அவர்கள் வந்து உட்காரத் தயார்தான்.