குதிரையின் வியர்வை

முத்தியால்பேட்டையிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தில், ஆரோவில் பக்கத்துக் குதிரையேற்றப் பயிற்சிச் சாலை ஒன்றுக்குச் சனிக்கிழமை தோறும் விடியற்காலையில் சென்று வரும் தம் மகளைப் பற்றி மிகுந்த பெருமையோடு சொல்லிவிட்டு, கடைசிப் பாராவில் தம் கவலையையும் வெளியிட்டிருக்கிறார். பயிற்சி முடிந்து இறங்கும்போது குதிரையின் கழுத்தில் கடிவாள வார் உராயும் இடத்திலும், பின்தொடைகளின் இடுக்கிலும், சோப்பைக் குழைத்துத் தடவியதுபோல் வெள்ளை வெளேரென்று நுரை படிந்திருக்கிறதாம். 'நுரை தள்ளிவிட்டது' என்று நாம் சொல்வது களைப்பின் எல்லையைத்தான் என்பதால், வாயில்லா ஜீவனை வதைத்துத்தான் குழந்தை வித்தை கற்க வேண்டுமா என்று அவருடைய மனைவியார் கேட்கிறாராம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த நுரை நோயன்று. வதையின் அடையாளமும் அன்று. ஆயினும் அதற்குள் அடங்கியிருக்கும் விஷயம், நம் கடற்கரையில் குதிரை வைத்துக் காப்பாற்றும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

சேணம், அங்கவடி, கடிவாளம் என்பவற்றையெல்லாம் நான் இங்கே விளக்கப் புகவில்லை. சினிமாவிலேனும் அவற்றைப் பார்க்காதவர் இல்லை. பயிற்சிச் சாலையின் வாழ்க்கையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1968-ல் ஆரோவில் நிறுவப்பட்டபோது மழை அரித்துப் பாளம் பாளமாய்க் கிடந்த செம்மண் மேட்டில், பலர் சேர்ந்து நட்டு வளர்த்த மரங்களின் நிழலில்தான் இன்று அந்தப் பக்கத்துக் குதிரைகள் நடமாடுகின்றன. அந்த மண்ணின் பெயரையே தாங்கி நிற்கும் ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் நடத்துகிற குதிரைப் போட்டிக்கு வெளியூர்களிலிருந்தும் வீரர்கள் வந்து கூடுகிறார்கள். தடை தாண்டுதலும், குதிரையும் மனிதரும் ஒரே சரீரமாய் அடியெடுத்து வைக்கும் டிரெசாஜும் பார்க்கத் தக்கவையே. எனினும் என் மனத்தைக் கவர்வது போட்டி நாள் அல்ல, சாதாரண நாளின் காலை வேளை. குதிரைமேல் ஏறுவதற்கு முன்னால் லாயத்தில் சாணம் அள்ளவும், ரோமத்தைத் தேய்த்துவிடவும், குளம்பின் அடியில் சிக்கிய கல்லைக் கொக்கியால் நெம்பி எடுக்கவும் குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள்; வசதியான வீட்டுப் பிள்ளையும், பக்கத்துக் கிராமத்திலிருந்து குதிரை பராமரிக்க வந்தவரும் ஒரே வாளியைப் பிடித்துத் தூக்குகிறார்கள். ஏறி அமர்ந்து ஓட்டுவது இந்தப் பணிவிடைகளுக்குப் பிறகு கிடைக்கும் சிறு பகுதிதான். அப்படியே இருக்கவும் வேண்டும்.

புதுச்சேரிக்கும் குதிரைக்கும் உள்ள சம்பந்தம் புதிதன்று. நிஜாம் வம்சத்து முசபர் ஜங், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸுக்கு ஏழாயிரம் குதிரைக்குரிய மன்சப் பதவியையும், அவருடைய துபாஷியாய், அதாவது மொழிபெயர்ப்பாளராய், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் பதவியையும் வழங்கியது வரலாறு. கௌரவத்தைக் குதிரைகளின் எண்ணிக்கையால் அளந்த காலம் அது. அதற்கு வெகு காலம் முன்னரே, காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலிலிருந்து குதிரைகள் இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்ட மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை அரபு, பாரசீக வணிகரிடமிருந்து பெரும் பொன் கொடுத்து வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்தார். லாடம் அடிப்பவர் இல்லாமையும், சமைத்த சோற்றைத் தீனியாகப் போடும் அறியாமையும் காரணம் என்பது அவர் அபிப்பிராயம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் மேற்குப் பாலைவனத்தின் வறண்ட காற்றில் பிறந்த பிராணி, நம் கடற்கரையின் ஈரக் காற்றில் நின்றபோது என்ன பாடு பட்டிருக்கும் என்பதை யோசித்தால், மூன்றாவது காரணம் ஒன்றும் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நுரை. உடல் முழுவதும் வியர்வை பெருக்கித் தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளும் பிராணிகள் மிகச் சில. அவற்றுள் மனிதனும் குதிரையும் தலையாயவை. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது, எருமை குட்டையில் இறங்குகிறது, குதிரை நம்மைப்போலவே வியர்க்கிறது. ஆனால் நம் தோல் ஏறக்குறைய வெறுமையாக இருப்பதால் வியர்வை அப்படியே பரவி ஆவியாகிவிடுகிறது; குதிரைக்கோ, நீரை ஒட்டவிடாத எண்ணெய்ப் பசையுள்ள அடர்ந்த ரோமம் குறுக்கே நிற்கிறது. தோலில் ஊறும் நீர் ரோமத்தின் நுனிவரை ஏறிக் காற்றைத் தொட்டாலன்றிக் குளிர்ச்சி உண்டாகாது. இந்த இடையூற்றைத் தாண்ட இயற்கை செய்திருக்கும் யுக்தி அற்புதமானது. குதிரையின் வியர்வையில் லாதரின் என்னும் ஒருவகைப் புரதம் கலந்திருக்கிறது. தீபாவளி விடியலில் என் பாட்டி என் தலையில் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துவிட்டு வெந்நீர் ஊற்றினால் அது முத்து முத்தாக உருண்டோடும். சீயக்காய்த் தூளைக் குழைத்துத் தேய்த்த மறு கணம் அதே நீர் முடியின் அடிவரை இறங்கிவிடும். சீயக்காய் செய்த அந்தக் காரியத்தையே லாதரின் செய்கிறது. நீரின் மேற்பரப்பில் உள்ள இழுவிசையைத் தளர்த்தி, வியர்வையை ஒவ்வொரு ரோமத்தின் மீதும் மெல்லிய படலமாக விரித்து, காற்று அதை ஆவியாக்க வழி செய்கிறது. வார் உராயும் இடங்களில் அந்தக் கரைசல் கடையப்படுவதால் நுரை எழுகிறது. ஆக, அன்பர் கண்ட வெண்மை, குதிரையின் குளிர்ச்சி இயந்திரம் செவ்வனே வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி.

இந்த ஏற்பாடு குதிரைக்கு ஏன் இவ்வளவு அவசியம் என்றால், தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே ஓட்டமாக மாறுகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பம் வெளியேற வேண்டிய வாசல் தோல். நானூற்றைம்பது கிலோ எடையுள்ள குதிரைக்கு, கிலோவுக்கு இவ்வளவு தோல் என்று கணக்கிட்டால், மனிதனுக்கு உள்ளதில் பாதியளவே கிடைக்கிறது. ஆகவே கடும் உழைப்பில் அது மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்த்துக் கொட்டும்.

இனி நான் சொல்லப்போவதுதான், இந்தப் பிராணியைப் பற்றி நான் படித்தறிந்தவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. நம் வியர்வை உப்புக் கரிக்கிறதென்றாலும், அதிலுள்ள உப்பின் செறிவு நம் ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவு. எனவே நாம் வியர்க்க வியர்க்க நீர் அதிகமாகவும் உப்புக் குறைவாகவும் வெளியேறி, ரத்தம் செறிவடைகிறது. அந்தச் செறிவை மூளை உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது. நாம் சொம்பைத் தேடுகிறோம். குதிரையின் வியர்வை இதற்கு நேர்மாறு. அதன் உப்புச் செறிவு ரத்தத்துக்குச் சமமாகவோ, அதையும் விஞ்சியோ இருக்கிறது. நீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தத்தின் செறிவு மாறுவதில்லை. செறிவு மாறாததால் மூளைக்குச் செய்தி எட்டுவதில்லை. உடலில் நீர் வற்றிப் போயிருக்கும்போதே, தாகம் என்ற உணர்வே இன்றி, எதிரில் நீட்டிய வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது குதிரை. 'அதற்குத் தாகமில்லை' என்று நல்லெண்ணத்தோடு வாளியை எடுத்துப் போகிறவர், அறியாமலே அதற்குத் தீங்கு செய்கிறார். தண்ணீர் எப்போதும் முகத்தெதிரே இருக்க வேண்டும். அதோடு கொள்ளிலும் தவிட்டிலும் நாளொன்றுக்கு முப்பது முதல் அறுபது கிராம் வரை சாதாரண உப்புக் கலக்க வேண்டும். நன்றாக வியர்த்த நாளில் அதைவிடக் கூடுதலாக. லாயத்தில் கட்டித் தொங்கவிடும் இந்துப்புக் கட்டியை நக்குவது ஒன்றே போதும் என்றிருந்துவிடலாகாது. உப்பு உடலில் சேர்ந்தால்தான் தாகம் திரும்பும். மரக்காணத்து உப்பளங்களை இத்தனை அருகில் வைத்துக்கொண்டு நம் ஊர்க் குதிரை உப்பின்றி வாடுமானால் அதற்குச் சமாதானம் ஏது?

மார்க்கோ போலோவின் குதிரைகளுக்கு வருவோம். ஈரமும் உஷ்ணமும் ஓயாமல் சேர்ந்தே தாக்கும் தேசங்களில் சில குதிரைகள் வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. சென்ற நூற்றாண்டில், குளிர் நாட்டிலிருந்து பந்தயத்துக்கும் போலோ விளையாட்டுக்குமாக வெப்ப நாடுகளுக்குக் கப்பலேற்றி வந்த உயர் ஜாதிக் குதிரைகளிடத்தில் ஆங்கிலேயர் இந்தக் கோளாற்றைக் கண்டு திகைத்தார்கள். மாதக் கணக்கில் இடைவிடாமல் தூண்டப்பட்ட வியர்வைச் சுரப்பிகள், கடைசியில் எந்தத் தூண்டுதலுக்கும் செவி சாய்க்காமல் மந்தித்துப் போகின்றன என்பது அறிஞர் கருத்து. மூக்குத் துவாரம் விரிய விரிய இரைத்துக்கொண்டு, தோல் மட்டும் உலர்ந்து, ரோமம் மங்கி நிற்கும் அந்தக் குதிரையைப் பார்த்தால் முதல் பார்வைக்கு 'பாவம், வியர்க்கக்கூட இல்லை. லேசான வேலைதான் வாங்கியிருக்கிறார்கள்' என்று தோன்றும். உண்மையில் அதன் உள்ளே நெருப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. நுரைத்த குதிரையைக் கண்டு அஞ்சுவதைக் காட்டிலும், மே மாதத்து வெயிலில் உழைத்தும் உலர்ந்தே நிற்கும் குதிரையைக் கண்டுதான் அஞ்ச வேண்டும். பாண்டி நாட்டு மன்னர் வாங்கிய குதிரைகளில் எத்தனை இப்படி உள்ளே வெந்து மடிந்தனவோ என்பது என் யூகம். யூகம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொரு பழைய நம்பிக்கையையும் கைவிட்டாக வேண்டும். சூடேறிய குதிரையின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வந்தார்கள். நம் ஊரில் மட்டுமன்று, ஐரோப்பாவிலும். 1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில், ஈரமும் வெயிலும் மிகுந்த கோடையில் ஒலிம்பிக் போட்டி நடக்கவிருந்ததை முன்னிட்டு விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த நீரை மேலும் மேலும் உடல் முழுவதும் ஊற்றுவதே உள்வெப்பத்தை விரைவில் இறக்குகிறது என்றும், அதனால் தசைக்குக் கேடில்லை என்றும் தெரிந்தது. போட்டிக் களத்தில் நீர்த்துளி தூவும் மின்விசிறிகளை வரிசையாக வைத்தார்கள். நம் லாயங்களில் மின்விசிறி இல்லாவிட்டாலும் வாளியும் கிணறும் உண்டே.

வாகனமிழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்காக 1965-ல் மத்திய அரசு வகுத்த விதிகளில், வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றை வேலை வாங்கலாகாது என்று இருக்கிறது. கருணை மிக்க விதி. ஆயினும் கடற்கரைவாசியாகிய எனக்கு அதில் ஒரு குறை தென்படுகிறது. வேலூரில் 40 பாகை அடிக்கும் வறண்ட பகலில் வியர்வை உடனுக்குடன் ஆவியாகிக் குதிரை ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். புதுச்சேரியில் 35 பாகையே இருந்தாலும், காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து தரையில் சொட்டும். சொட்டிய வியர்வை குளிர்ச்சி தராது. உப்பை மட்டும் கொண்டு போய்விடும். விதியை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றிக்கொண்டே இந்த ஊரில் ஒரு குதிரையைச் சாகடித்துவிட முடியும் என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கென்று ஜரிகைப் போர்வை போர்த்து, மேளச் சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே மணிக்கணக்கில் நிறுத்தப்படும் குதிரையையும், சென்னை மெரினாவைப் போன்ற கடற்கரைகளில் ஒருவர் இறங்க ஒருவர் ஏற அலையோரமாய் நடந்துகொண்டே இருக்கும் குதிரையையும் பார்க்கிறோம். அந்தப் போர்வைக்கு அடியில் ஆவி வெளியேற வழி ஏது என்று கேட்பவர் சிலரே. அவற்றை வைத்துப் பிழைப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்கள் மீது பழி சுமத்தி ஒதுங்குவது சுலபம். வாடகை கொடுத்து ஏறுகிற நாம், ஏறும் முன் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று ஒரு முறை விசாரித்தால், நாளடைவில் தொட்டிகள் தாமே தோன்றிவிடும்.

சர்வதேசக் குதிரைப் போட்டிகளில் இப்போது வெறும் வெப்பத்தை மட்டும் நம்பாமல், ஈரத்தையும் வெயிலின் உக்கிரத்தையும் சேர்த்துக் கணிக்கிறார்கள். அதில் முக்கியமான பகுதியை எந்த லாயத்திலும் அதிகச் செலவின்றிச் செய்யலாம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் மட்டும் நனைந்த பஞ்சுத் திரியைச் சுற்றி, திரியின் மறு நுனியைச் சிறு கிண்ணத்து நீரில் விட்டுவிட வேண்டியது. உலர்ந்தது 40-ம் நனைந்தது 24-ம் காட்டினால் காற்று வறண்டிருக்கிறது, வியர்வைக்கு வேலை உண்டு. உலர்ந்தது 35-ம் நனைந்தது 29-ம் காட்டினால், எண்ணில் வெயில் குறைவாகத் தோன்றினாலும், சேணத்தைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டுக் குதிரையை நிழலில் விடுவதே முறை. பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் எவரும் அரை மணியில் அமைத்துக் கொடுக்கக்கூடிய சாதனம் இது. அதைத் தினம் காலையிலும் மாலையிலும் பார்த்து நோட்டில் குறித்து வைக்கும் பொறுப்பை, சாணம் அள்ளவும் குளம்பு பார்க்கவும் பழகிய அந்தக் குழந்தைகளிடமே ஒப்படைக்கலாம்; அன்றைக்குப் பயிற்சி உண்டா இல்லையா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.